இங்கிலாந்துக் கிராமத் திருமணப் பதிவேடுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்று ஒரு சிற்றூர். அந்தப் பங்கின் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி) பழைய திருமணப் பதிவேட்டில் ஜேன் ஆஸ்டின் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அவரோ கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர். ஆம், நாவலாசிரியர் ஆஸ்டினேதான். அவருடைய தந்தை அங்கே குருவானவராக இருந்தார். படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டும் மாதிரிப் பக்கத்தில், இளம்பெண்ணாக இருந்தபோது கற்பனை மணமகன்களின் பெயர்களை எழுதி வைத்தார். அது மாதிரிப் பக்கம் என்று கவனிக்காமல் படிப்பவர் அவருக்குக் கணவர்களையே உண்டாக்கிவிடுவார்.

இப்படி வேண்டுமென்றே எழுதியவை அபூர்வம். பெரும்பாலான பிழைகள் படிக்கும் நம்மிடமிருந்துதான் பிறக்கின்றன. ஏடு எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது என்று முதலில் பார்ப்பதில்லை.

மிகக் கொடிய தவறு ஆண்டுக் கணக்கில் நேர்வது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஒரு பெண்ணுக்கு 1730 ஜூனில் திருமணம் என்றும், அவளுடைய குழந்தைக்கு 1730 மார்ச் 20இல் ஞானஸ்நானம் என்றும் ஏட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரமாகப் படிப்பவர், குழந்தை பிறந்த பிறகே திருமணம் நடந்தது என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடுகிறார். அந்த மார்ச் 20 நம் கணக்கில் 1731. திருமணமாகி ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் மீது நாம் சுமத்தும் இந்தப் பழியை மறுக்க இன்று யாரும் இல்லை. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளை 1730/31 என்று இரு ஆண்டுகளும் தெரியக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு வைக்கும்படி எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டது 1538இல். ஆனால் தொடக்ககால ஏடுகள் பல, 1598க்குப் பின் பழைய தாள்களிலிருந்து தோல் ஏடுகளில் படியெடுக்கப்பட்டவை. பல பத்தாண்டுப் பதிவுகள் ஒரே கையெழுத்தில் ஓடினால் அது பெரும்பாலும் படிதான், பெயர்கள் விடுபட்டிருக்கலாம். உள்நாட்டுப் போர்க் காலத்திலும் (1642–51) அதை அடுத்தும் ஏடு வெறுமையாக இருந்தால், ஊரில் யாருமே மணம் செய்யவில்லை என்று பொருளல்ல. 1653 சட்டம் திருமணத்தைக் குருவானவரிடமிருந்து எடுத்து நீதிபதியிடம் கொடுத்திருந்தது.

1754 மார்ச் 25 முதல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். இங்கே சாட்சிகளை உறவினர் என்று எண்ணிவிடுவது வழக்கமான சறுக்கல். முன்னும் பின்னும் சில பக்கங்களைப் புரட்டுங்கள். அதே பெயர் திருமணத்துக்குத் திருமணம் வந்தால், அவர் பெரும்பாலும் தேவாலய எழுத்தராக இருப்பார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் மட்டுமே இச்சட்டத்தில் விலக்கு இருந்தது. பாப்டிஸ்டுகள், கத்தோலிக்கர்கள் போன்ற பிற சபையினரும் 1837 வரை சட்டப்படி மணம் செய்ய, இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்கே போக வேண்டியிருந்தது. ஆகவே 1837க்கு முந்திய ஒரு பதிவைக் கொண்டு குடும்பத்தின் சபையைத் தீர்மானிக்காதீர்கள்.

‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்’ என்ற குறிப்பு அப்போது அங்கே குடியிருந்ததைத்தான் சொல்கிறது, பிறந்த ஊரை அல்ல. பண்ணை வேலைக்கு ஆண்டுதோறும் ஊர் மாறிய இளைஞர்கள் ஏராளம். மூன்று ஞாயிறு ஓலை (தேவாலயத்தில் செய்யப்படும் திருமண அறிவிப்பு) வாசிக்கப்பட்ட பதிவு இருந்தாலும் திருமணம் நடந்தது என்று கொள்ள முடியாது. ஓலை இல்லாமல் மணம் செய்யும் உரிமத்துக்காக எழுதிக்கொடுத்த பத்திரமும் அப்படியே.

1837 ஜூலை 1 முதல் வயது, தொழில், தந்தையின் பெயர், அவருடைய தொழில் எல்லாம் கட்டங்களில் வருகின்றன. தகவல் பெருகியதால் நம்பிக்கையும் தேவைக்கு மேல் பெருகிவிடுகிறது. ‘முழு வயது’ என்றால் 21 அல்லது அதற்கு மேல், அவ்வளவுதான்; அதை 21 என்று எழுதி பிறந்த ஆண்டைக் கணக்கிடக் கூடாது. தந்தை பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பதற்கு, திருமணத்துக்குப் புறம்பான பிறப்பு ஒரு காரணமாக இருக்கலாம். கேட்காமல் விட்டதும் காரணமாக இருக்கலாம். தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானவர்’ என்று இல்லாததால் அவர் அன்று உயிரோடு இருந்தார் என்றும் சொல்ல முடியாது. தாயின் பெயருக்கோ 2021 மே மாதம் வரை இடமே தரப்படவில்லை. அதை ஞானஸ்நான ஏடு போன்ற வேறு பதிவுகளில் தேட வேண்டும்.

இணையப் பட்டியலில் பெயர் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். மூல ஏட்டின் படத்தைப் பாருங்கள். பழைய ஏடுகள் பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏடு சிதைந்திருந்தால் ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட நகலைக் கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒன்றில் விடுபட்ட மணமகள் மற்றதில் இருக்கக்கூடும்.