சீரியல் போர்ட்டைச் சோதிக்க ஒரு துண்டுக் கம்பி போதும்

சர்வரின் சீரியல் கன்சோலில் (கேபிள் வழியே மடிக்கணினியிலிருந்து சர்வரை இயக்கும் எழுத்துத் திரையில்) ஓர் எழுத்துகூட வரவில்லையென்றால், யுஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக மாற்றும் புதிய கன்வெர்ட்டர் வாங்கக் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்குப் புறப்படும் முன், ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிபி9 (ஒன்பது முனைகள் கொண்ட) பெண் கனெக்டர் ஒன்றை வாங்கி, அதன் 2, 3 ஆகிய பின்களை (இணைப்பு முனைகளை) ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றோடொன்று சால்டர் செய்து, மடிக்கணினியில் மாட்டியுள்ள யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரில் செருகிப் பாருங்கள். பின் எண்கள் கனெக்டரின் பிளாஸ்டிக்கிலேயே பொடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் இடவலம் மாறித் தெரியும் என்பதால், அந்த எண்களை மட்டுமே நம்புங்கள்.

ஆர்எஸ்-232 என்னும் சீரியல் தொடர்பு முறையில் கணினி 3ஆம் பின்னில் அனுப்புகிறது, 2ஆம் பின்னில் பெறுகிறது. எனவே, புட்டி (PuTTY) என்னும் டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலையும் (அனுப்புவதை நிறுத்தித் தொடரும் கட்டுப்பாடு) லோக்கல் எக்கோவையும் (தட்டியதை மென்பொருளே திரையில் காட்டுவது) அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யும்போது, அதே எழுத்துகள் திரையில் தோன்றினால் கன்வெர்ட்டர் நலமாக உள்ளது; பழுதைக் கேபிளிலோ சர்வரிலோ தேடலாம்.

வேகப் பொருத்தமின்மையை இச்சோதனை காட்டாது: சர்வரின் வேகம் விநாடிக்கு 115200 பிட், மடிக்கணினியினுடையது 9600 பிட் என்றிருந்தாலும் எழுத்துகள் பிழையின்றித் திரும்பும். ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் செருகும் வடிவ) கன்சோல் போர்ட்டுகளுக்கும் இந்த எண்கள் பொருந்தா. சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் கருவிகளில் 3ஆம் பின் அனுப்பும், 6ஆம் பின் பெறும். மற்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.