பால்ல லாக்டோஸ உடைக்க, காந்தத் துகள் மேல லாக்டேஸ ஒட்டுறது எப்படி? (முதல் தடவையா லேப்ல செய்றவங்களுக்கு)

வீட்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தா விரல குத்தி ஒரு சொட்டு ரத்தத்த ஸ்ட்ரிப்ல வெச்சு பாப்போம்ல, அந்த ஸ்ட்ரிப் நுனியில ஒரு என்சைம காய வெச்சிருக்காங்க, நிறைய பிராண்டுல அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். என்சைம ஒரு எடத்துல ஒக்கார வெச்சு வேல வாங்குறதுன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு நான் மொதல்ல காட்டுறது இதத்தான். இந்தப் பதிவு பினாங்குல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு "நேனோ, என்சைம், ஃபுட்" அப்படின்னு தலைப்பு மட்டும் கையில வெச்சுக்கிட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு முழிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு.

எடுத்துக்கிட்ட வேல லாக்டேஸ். பால்ல கிட்டத்தட்ட 5 சதவீதம் லாக்டோஸ், அத குளுக்கோஸ் காலக்டோஸ்னு ரெண்டா வெட்டுற என்சைம் இது. சின்ன வயசு தாண்டுனதும் நம்மாளுங்கள்ல நிறைய பேருக்கு கொடல்ல இது கொறஞ்சிடும், அதனாலதான் மாமாக் கடையில ஒரு தே தாரேக் (இழுத்து ஆத்துன பால் டீ) உள்ள போனதும் சில பேருக்கு வயிறு உப்பிக்கிட்டு கடமுடான்னு சத்தம் போடுது. ஃபேக்டரியில பொதுவா லாக்டேஸ பால்லயே ஊத்திடுவாங்க, அது அப்படியே பாலோட போயிடும், திரும்பக் கெடைக்காது. ஒட்டி வெச்சா திரும்ப எடுக்கலாம். இதுவும் ஒண்ணும் புது ஐடியா இல்ல, 1916லயே நெல்சனும் கிரிஃபினும் கரித்தூள்ல ஒட்டுன இன்வர்டேஸ் (சர்க்கரைய உடைக்கிற என்சைம்) தொடர்ந்து வேல செய்யுதுன்னு காட்டிட்டாங்க, 1969ல ஜப்பான்ல தனாபே கம்பெனி ஒட்டுன என்சைம வெச்சு அமினோ ஆசிட் உற்பத்தியே ஆரம்பிச்சிடுச்சு.

அப்ப நேனோ எதுக்கு? பரப்புதான் காரணம். மேக்னடைட்டோட (காந்தம் இழுக்குற இரும்பு ஆக்சைடு, நம்ம துகள் இதுதான்) அடர்த்தி ஒரு சிசிக்கு 5.2 கிராம், துகளோட விட்டம் 10 நேனோமீட்டர்னு வெச்சு கணக்கு போட்டா ஒரு கிராமுக்கு 115 சதுர மீட்டர் வருது, அதாவது நம்மூர் சிங்கிள் ஸ்டோரி டெரஸ் வீட்டுத் தரை முழுசும் ஒரு கிராம் தூள்ல அடங்கிடுது. அதே சாமான 1 மில்லிமீட்டர் மணியா எடுத்தா ஒரு லட்சத்துல ஒரு பங்குதான். ஆனா இவ்ளோ சின்னத வடிகட்டி எடுக்க முடியாது, அதுக்குத்தான் காந்தத் துகள், பாட்டில் பக்கத்துல மேக்னட்ட வெச்சா போதும் ஓரமா வந்து ஒட்டிக்கும், மேக்னட்ட எடுத்துட்டு ஆட்டுனா திரும்ப கலந்துடும்.

ஸ்டெப் 1: என்சைம் வாங்குறது

ஃபார்மசியில விக்கிற லாக்டேஸ் மாத்திர பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையோடது, வயித்துப் புளிப்புல வேல செய்யணுமே, அதனால அதுக்கு பிஎச் 5 பக்கம் இருந்தாதான் குஷி. பாலோட பிஎச் 6.6, 6.7. நமக்கு வேணும்கிறது குளுய்வெரோமைசிஸ் ஈஸ்ட் லாக்டேஸ், பிஎச் 6.5ல இருந்து 7, சூடு 37 டிகிரி பக்கம். திரவமா வர்றதுல கிளிசரோலும் இன்னும் என்னென்னமோ சேத்திருப்பாங்க, அப்படியே ஊத்தாம டயாலிசிஸ் பை (சின்ன மூலக்கூறு வெளிய போயிடும், என்சைம் உள்ளயே நிக்கும்) போட்டு ஒரு ராத்திரி பாஸ்பேட் பஃபர்ல (பிஎச் மாறாம பாத்துக்கிற கரைசல்) ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடுங்க. பஃபர்ல 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு போட மறக்காதீங்க, இந்த என்சைமுக்கு அது வேணும்.

ஸ்டெப் 2: கறுப்புத் தூள்

100 மில்லி தண்ணிய எடுத்து நைட்ரஜன் விட்டு ஆக்சிஜன வெளிய தள்ளுங்க. அதுல ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம். மோல் கணக்குல 2:1. 80 டிகிரிக்கு சூடாக்கி வேகமா கலக்கிக்கிட்டே அடர் அமோனியா 15 மில்லிய ஃப்யூம் ஹூட்டுக்குள்ள (புகைய உறிஞ்சி வெளிய தள்ளுற லேப் பெட்டி) வெச்சு ஊத்துங்க, ஆரஞ்சா இருந்தது ஊத்துன கையோட மையாட்டம் கறுத்துடும், அத மொத தடவ பாக்குறப்ப எல்லாரும் ஃபோன எடுத்து வீடியோ புடிப்பாங்க. அரை மணி நேரம் அப்படியே விட்டுட்டு மேக்னட்ல புடிச்சு, பிஎச் 7 வர்ற வரைக்கும் தண்ணியில கழுவுங்க. கணக்குப்படி 2.3 கிராம் வரணும், கழுவுறதுல கொஞ்சம் போகும். கறுப்பா இல்லாம துரு கலர்ல வந்தா காத்து பூந்துடுச்சுன்னு அர்த்தம், ஃபெரஸ் உப்பு பழசா இருந்தாலும் இப்படி ஆகும். காய வெச்சு பொடியாக்க வேணாம், காஞ்சா கட்டிப் புடிச்சுக்கும், அப்பறம் எவ்ளோ சோனிகேட்டர்ல (ஒலி அலையால துகள பிரிக்கிற மெஷின்) வெச்சாலும் பழைய மாதிரி பிரியாது.

ஸ்டெப் 3: கைட்டோசான் பூச்சு

சும்மா இரும்புத் துகள் மேல என்சைம் நிக்காது, புடிக்கிறதுக்கு அமின் குரூப் (நைட்ரஜன் உள்ள ஒரு கொக்கி மாதிரி) வேணும். அத குடுக்கிறது கைட்டோசான், இறால் நண்டு ஓட்டுல இருந்து எடுக்கிறது. இறால் பண்ணையும் கடல் சாப்பாடும் இருக்கிற நிபோங் தெபால் பக்கம்லாம் இந்த ஓட்டுக்குப் பஞ்சமே இல்ல, அதுக்காக நீங்களே ஓட்ட வாங்கிட்டு வந்து ஆசிட்லயும் காஸ்டிக் சோடாவுலயும் கொதிக்க வெச்சுக்கிட்டு இருக்காதீங்க, ரெடியா வாங்குங்க. அரை கிராம் கைட்டோசான 100 மில்லி 1 சதவீத அசெட்டிக் ஆசிட்ல கரைச்சு, ஒரு கிராம் துகள் அளவுக்கு ஈரத்தூள போட்டு சோனிகேட் பண்ணி, கலக்கிக்கிட்டே சோடியம் ஹைட்ராக்சைட சொட்டு சொட்டா விட்டா கைட்டோசான் துகள் மேல படிஞ்சுடும். கழுவுங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். கைட்டோசான் புளிப்புல கரையும். பாலுக்கு பிரச்சன இல்ல, ஆனா இதே துகள்ல பெக்டினேஸ் (பழத்துல உள்ள பெக்டின உடைக்கிற என்சைம்) ஒட்டி கொய்யா ஜூஸ தெளிய வைக்கலாம்னு நெனச்சா, ஜூஸோட பிஎச் 4 பக்கம், பூச்சு கழண்டு ஜூஸுக்குள்ளயே போகலாம். அதுக்கு சிலிகா பூச்சு போடுறவங்க இருக்காங்க. அப்பறம் சைவம் சாப்பிடுறவங்க, இறால் அலர்ஜி உள்ளவங்க குடிக்கிற பால இறால் ஓட்டுச் சாமான்ல கலக்குறோம்கிறதயும் யோசிக்கணும் லா, காளான்ல இருந்து எடுக்கிற கைட்டோசானும் கெடைக்குது, வெல கொஞ்சம் கூட. ப்ரெசென்டேஷன்ல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்.

ஸ்டெப் 4: பாலம் போட்டு ஒட்டுறது

குளுட்டரால்டிஹைடுக்கு ரெண்டு பக்கமும் கை இருக்கு, ஒரு கை கைட்டோசானோட அமின புடிக்கும், இன்னொரு கை என்சைமோட லைசின (அமின் உள்ள ஒரு அமினோ ஆசிட்) புடிக்கும். துகள 2 சதவீத குளுட்டரால்டிஹைட்ல பிஎச் 7 பாஸ்பேட் பஃபர் வெச்சு ஒரு மணி நேரம் சுத்த விடுங்க. விஷம், மூக்கையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் ஃப்யூம் ஹூட்டும் இல்லாம தொடவே கூடாது. அப்பறம் அஞ்சு தடவையாவது நல்லா கழுவுங்க, மிச்சம் நின்னா பின்னாடி போடுற என்சைம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சாகடிச்சிடும்.

பஃபர் விஷயத்துல ட்ரிஸ் பஃபர் பாட்டில் பெஞ்சுல தயாரா இருக்குன்னு அத எடுத்துடாதீங்க, ட்ரிஸ்லயும் அமின் இருக்கு, என்சைமுக்கு முன்னாடி அதுவே போய் எல்லா கையையும் புடிச்சுக்கும், கடைசியில என்சைம் ஏன் ஒட்டலன்னு மண்டைய பிச்சுக்கணும்.

கழுவுன துகள் 50 மில்லிகிராம், அஞ்சு மில்லி என்சைம், மில்லிக்கு 2 மில்லிகிராம் புரோட்டீன், மெதுவா சுத்துற ரோட்டேட்டர், 4 டிகிரி, ஒரு ராத்திரி. வெளிய வைக்காதீங்க, பேப்பர்ல ரூம் டெம்பரேச்சர்னு எழுதியிருக்கிறது 25 டிகிரி, ஏர்கான் நிறுத்துனதுக்கு அப்பறம் நம்ம லேப் 30ஐ தாண்டும். காலையில மேக்னட்ல புடிச்சு மேல உள்ள தண்ணிய தனி ட்யூப்ல எடுத்து வைங்க, ஊத்திடாதீங்க. அப்பறம் மிச்சம் காலியா நிக்கிற கைகள அடைக்க 0.1 மோலார் கிளைசின் ஒரு மணி நேரம், அதுக்கு மேல 0.5 மோலார் உப்புத் தண்ணி ரெண்டு தடவ. உப்பு எதுக்குன்னா சும்மா மேலாப்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறத கழட்டுறதுக்கு. இந்தத் தண்ணிங்களயும் எடுத்து வைங்க.

ஸ்டெப் 5: கணக்கு

இங்கதான் முக்காவாசி ரிப்போர்ட் படுத்துக்கும். "அக்கா, 90 பர்சன்ட் ஒட்டிடுச்சு"ன்னு சந்தோஷமா மெசேஜ் வரும், எவ்ளோ வேல செய்யுதுன்னு கேட்டா பதிலே வராது. ரெண்டும் வேற வேற நம்பர். ஒட்டுனது எவ்ளோங்கிறத துகள்ல நேரா அளக்க முடியாது, கறுப்புத் தூள் ஸ்பெக்ட்ரோவோட (கலர அளக்கிற மெஷின்) வெளிச்சத்த மறைச்சிடும், அதனால போட்ட என்சைம், எடுத்து வெச்ச தண்ணி எல்லாத்துலயும் பிராட்ஃபோர்ட் டெஸ்ட் (புரோட்டீன் எவ்ளோன்னு கலர்ல காட்டும்) 595 நேனோமீட்டர்ல பண்ணி கழிச்சுக்கணும். உதாரணத்துக்கு போட்டது 10 மில்லிகிராம், எல்லா தண்ணியிலயும் சேத்து வெளிய வந்தது 3, அப்ப ஒட்டுனது 7, அதாவது 70 சதவீதம். அடுத்தது ஓஎன்பிஜி டெஸ்ட், இது லாக்டோஸுக்கு பதிலா போடுற செயற்கை சாமான், லாக்டேஸ் வெட்டுனா மஞ்ச கலர் வரும், சோடியம் கார்பனேட் போட்டு நிறுத்தி, மேக்னட்ல துகள ஒதுக்கிட்டு 420 நேனோமீட்டர்ல படிங்க. ஒட்டாத என்சைம் 7 மில்லிகிராம் 700 யூனிட் குடுக்குதுன்னு வைங்க, உங்க துகள் 350 குடுத்தா பாதி என்சைம் சும்மா ஒக்காந்திருக்கு. வெட்டுற வாய் துகள் பக்கம் திரும்பி இருக்கலாம், பாலம் ரெண்டு மூணு எடத்துல புடிச்சு உருவமே மாறி இருக்கலாம், இல்ல நெருக்கடியில லாக்டோஸ் உள்ள போக வழியில்லாம இருக்கலாம். என்சைம கொறச்சுப் போட்டா ஒட்டுற அளவு கொறஞ்சாலும் ஒவ்வொண்ணும் நல்லா வேல செய்யுறத அடிக்கடி பாக்கலாம், என்னைக் கேட்டா 90 ஒட்டி 20 வேல செய்றத விட 50 ஒட்டி 40 வேல செய்றதுதான் மேல்.

ஸ்டெப் 6: பால்ல போட்டு, கழண்டு வருதான்னு பாக்குறது

மொதல்ல கொழுப்பு எடுத்த யூஎச்டி பால் எடுங்க, ஃபுல் க்ரீம்ல கொழுப்பும் கேசினும் (பால் புரோட்டீன்) துகள மூடிடும். 37 டிகிரி, அரை மணி நேரத்துக்கு ஒரு சாம்பிள். குளுக்கோஸ பாக்க யூரின் ஸ்ட்ரிப் நல்லது, சில ரத்த ஸ்ட்ரிப் காலக்டோஸயும் சேத்து குளுக்கோஸ்னு காட்டிடும்.

ஒரு மணி நேரம் ஆனதும் மேக்னட்ல துகள முழுசா எடுத்துட்டு, அந்தப் பால மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் அதே சூட்ல வைங்க. குளுக்கோஸ் அங்கயே நின்னா சரி. தொடர்ந்து ஏறுனா என்சைம் கழண்டு பால்ல நீந்துதுன்னு அர்த்தம், அப்ப நீங்க பண்ணது ஒட்டுறதே இல்ல, ஃபேக்டரிக்காரன் ஊத்துற மாதிரி நீங்களும் ஊத்தியிருக்கீங்க, அவ்ளோதான். இந்த டெஸ்ட் இல்லாம "பத்து தடவ திரும்ப யூஸ் பண்ணலாம்"னு கிராஃப் போட்டா நான் நம்ப மாட்டேன். அப்பறம் இந்தப் பால யாரும் குடிக்கக் கூடாது, லேப் கெமிக்கல்ல செஞ்சது, சிங்க்குக்கும் போகாம வேஸ்ட் பாட்டிலுக்குப் போகணும்.

பேக்கேஜிங் பக்கம் போகணும்னா

அதே ஒட்டுற வித்தைதான், துகளுக்கு பதிலா ஃபிலிம். ரொம்ப நாளா பேசப்படுறது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், குளுக்கோஸயும் ஆக்சிஜனயும் எடுத்துக்கிட்டு குளுக்கோனிக் ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் குடுக்கும், பாக்கெட்டுக்குள்ள ஆக்சிஜன் கொறஞ்சா எண்ணெய் சிக்கு வாடை அடிக்காது. பெராக்சைட அப்படியே விட முடியாதுல்ல, அதுக்கு கேட்டலேஸ் (பெராக்சைட உடைக்கிற என்சைம்) சேப்பாங்க, ஆனா கேட்டலேஸ் பாதி ஆக்சிஜன திருப்பிக் குடுத்துடும், அதயும் கணக்குல வைக்கணும். இன்னொண்ணு லைசோசைம், முட்ட வெள்ளைக்கருவுல இருந்து, சில பாக்டீரியாவோட சுவர உடைக்கும், கூடுதல் பொருள் நம்பர் இ1105. முட்டங்கிறதால லேபிள்ல அலர்ஜி எழுதணும், ஹலாலுக்கும் என்சைம் எங்க இருந்து வந்ததுன்னு பேப்பர் கேப்பாங்க. இங்க மலேசியாவுல விக்கணும்னா உணவுச் சட்டம் 1983, உணவு விதிமுறைகள் 1985, ஐரோப்பாவுக்கு அனுப்பணும்னா ஆக்டிவ் பேக்கேஜிங்குக்குன்னே 450/2009னு தனி விதி. துகள் ஃபிலிம விட்டு சாப்பாட்டுக்குள்ள போகுதான்னுதான் மொதல்ல கேப்பாங்க.

மிச்சம் இருக்கிற துகள மெக்னீசியம் போட்ட அதே பாஸ்பேட் பஃபர்ல, 4 டிகிரியில வைங்க, ஃப்ரீசர் வேணாம், ஐஸ் கட்டுறப்ப துகளெல்லாம் ஒண்ணா கட்டிக்கும். வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் எடுத்து ஓஎன்பிஜி பண்ணி டேட்ட போட்டு எழுதி வைங்க, பாட்டில்ல உங்க பேரோட "குடிக்காதே"ன்னு மலாய்லயும் ஒரு வரி, அந்த ஃப்ரிட்ஜ்ல மத்தவங்களும் சாமான் வெப்பாங்க.