நேர் வீதியில் தளரும் கைகள்: ஸ்டியரிங் பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் சாரதி, மலையின் முதல் வளைவு வருவதற்கு முன்பே நிமிர்ந்து அமர்ந்து இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொள்கிறார். அதே சாரதி மறுநாள் களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்குப் போகும்போது வலது முழங்கையை யன்னலில் சாய்த்து, இடது கையைக் கியர் மீது வைத்து, இரண்டு விரல்களால் வண்டியை நடத்துகிறார். மட்டக்களப்பும் அம்பாறையின் கரையோரமும் தட்டையான நிலம். வீதிகள் நேரானவை, பல இடங்களில் காபட் இடப்பட்டு வழுவழுப்பானவை. வீதி எதையும் கேட்காததால் கை தளர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த நேர் வீதியில்தான் இருட்டில் மாடு படுத்திருக்கிறது, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம் ஊர்ந்து போகிறது, ரியூசன் முடிந்த பிள்ளைகள் சைக்கிள்களில் கதைத்தபடி வருகிறார்கள். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தத் தளர்விலிருந்து பிறந்தவை.

முதலில், சரியென்று நம்பியே பலர் செய்யும் ஒரு தவறு. ஸ்டியரிங் வளையத்தை ஒரு மணிக்கூட்டின் முகமாக எண்ணிக்கொண்டு, பத்து மணியிலும் இரண்டு மணியிலும் கைகளை வைக்கும்படியே மூத்த சாரதிகள் பழக்கப்பட்டார்கள். அது அக்காலத்துக்குப் பொருத்தமான பாடம். பவர் ஸ்டியரிங் இல்லாத, பெரிய வளையம் கொண்ட வண்டிகளைத் திருப்பத் தோள்பலம் வேண்டியிருந்தது. கைகள் மேலே இருந்தால் வளையத்தைக் கீழ்நோக்கி இழுப்பது எளிதாயிற்று. இன்று நமது வீதிகளில் ஓடும் சிறிய யப்பானியக் கார்களில் வளையம் சிறியது, திருப்புவதற்கு மோட்டார் உதவுகிறது, வளையத்தின் நடுவில் எயார்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதலின்போது அது ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், மணிக்கு 160 முதல் 320 கிலோமீற்றர் வரையான வேகத்தில் விரிகிறது. கைகள் உயரத்தில் இருந்தால், விரியும் பை அவற்றைச் சாரதியின் முகத்தை நோக்கி எறிந்துவிடும். மணிக்கட்டும் முன்கையும் முறியலாம். இதனால்தான் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒன்பது மணி, மூன்று மணி ஆகிய இடங்களைப் பரிந்துரைக்கிறது. அங்கே பிடிக்கும் கைகள் பையின் இரு பக்கங்களிலும் ஒதுங்கி நிற்கும். எந்தப் பக்கம் திருப்புவதற்கும் இரண்டு கைகளுக்கும் சமமான இடம் கிடைக்கும். எட்டு மணியும் நான்கு மணியும் நெடும்பயணத்தில் தோளுக்கு இதமானவை என்பது உண்மையே, ஆயினும் மாடு குறுக்கிடும் வீதியில் அவ்வளவு தாழ்ந்த பிடி போதாது என்பது என் கருத்து.

கைகளை எங்கே வைப்பது என்பதை ஆசனம் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் ஒரே காரைக் கணவர், மனைவி, மகன் என மூவர் ஓட்டும்போது, முன்னர் ஓட்டியவரின் உயரத்துக்கு வைத்த ஆசனத்தை மாற்றாமலே அடுத்தவர் புறப்படுகிறார். தோள்கள் ஆசன முதுகில் பதிந்திருக்கக் கையை நீட்டினால், மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். விரல் நுனி மட்டுமே எட்டுமானால் ஆசனம் பின்னால் இருக்கிறது, முன்கையே படியுமானால் நெருங்கிவிட்டது. மார்புக்கும் வளையத்தின் நடுப்பகுதிக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். உயரம் குறைந்தவர்கள் வீதி தெரியவில்லை என்று வளையத்தின் மீது சாய்ந்து ஓட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவர்கள் ஆசனத்தை உயர்த்த வேண்டும்; அந்த வசதி இல்லாவிட்டால் வழுக்காத, உறுதியான மெத்தை ஒன்றை இட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நமது வீதியொழுங்கோடு ஒட்டியது. நாம் இடப்பக்கமாகச் செல்பவர்கள். சாரதி வலப்பக்கம் அமர்கிறார். கியரை மாற்றுவது இடது கை. ஆகவே இடது கை கியருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வண்டியைத் தாங்க எஞ்சுவது வலது கை மட்டுமே. அந்த வலது கையைத்தான் நாம் யன்னலுக்குக் கொடுத்துவிடுகிறோம். குடியிருப்புகளுக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 19 மீற்றருக்கும் அதிகமாக ஓடிவிடும். யன்னலில் கிடக்கும் கை வளையத்துக்குத் திரும்பி இறுகப் பற்றுவதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெரும்போக அறுவடைக் காலத்தில், அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் இதை நானே அனுபவித்தேன். வீதியின் இடப்பக்கத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஸ் ஒன்று வந்தது. வேகத்தைக் குறைக்க இடது கையால் கியரை இறக்கிய அதே கணத்தில் இடது சக்கரங்கள் நெல்லின் மீது ஏறின. உலர்ந்த நெல் டயருக்குக் கீழே மணிகளைப் போல் உருளும். வளையம் இழுத்த இழுப்புக்கு, யன்னலில் முழங்கை ஊன்றிய வலது கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பஸ் சாரதி ஒதுங்கியதால் தப்பினோம். பின்னாசனத்தில் இருந்த மாமி வீடு வரும்வரை பேசவில்லை. அன்றிலிருந்து வலது கை மூன்று மணியை விட்டு அகல நான் இடங்கொடுப்பதில்லை. யப்பானியக் கார்களில் சிக்னல் தண்டும் வலப்பக்கத்திலேயே இருப்பதால், பிடியை விடாமல் விரல் நுனியாலேயே அதைத் தட்டிவிட முடிகிறது. கியர் மாற்றியதும் இடது கை உடனே ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டும். கியர்த் தண்டு கை வைக்கும் இடமல்ல. ஓட்டோ கியர் கொண்ட ஹைபிரிட் கார்களில் அந்த வேலையும் இல்லாதபோது, இடது கை மடியில் கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வளையத்தின் உச்சியில், பன்னிரண்டு மணியில், ஒரு கையை மட்டும் தொங்கவிடுவது இளைஞர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. அந்நிலையில் முன்கை முழுவதும் எயார்பேக்குக்கு நேர் எதிரே குறுக்காகக் கிடக்கிறது. பின்னோக்கி மெதுவாக நகர்த்தும்போது மாத்திரம், உடலைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியிருப்பதால், அப்படி ஒரு கையால் பிடிப்பது பொருந்தும். ஹோர்னும் இதனோடு சேர்ந்ததே. காத்தான்குடியையோ கல்முனை நகரத்தையோ கடக்கும்போது உள்ளங்கையை வளையத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பை விரிவது அந்தக் கைக்கு அடியிலிருந்துதான். தட்டிவிட்டுக் கையை உடனே விளிம்புக்குக் கொண்டுவாருங்கள்.

திருப்பங்களில் இரண்டு வழக்கங்கள் கெட்டவை. ஒன்று, கையை வளையத்துக்குள் விட்டு, உள்ளங்கை தன் பக்கம் பார்க்க, உட்புறமாக இழுத்துத் திருப்புவது. அப்போது பை விரிந்தாலோ சக்கரம் குழியில் விழுந்து வளையம் உதறினாலோ கையை வெளியே எடுக்க நேரம் இராது. மற்றையது, திருப்பம் முடிந்ததும் வளையத்தைக் கைக்குள்ளால் வழுக்கித் தானாகச் சுழன்று திரும்ப விடுவது. காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்குத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பக்கத்துக் கை மேலே சென்று வளையத்தை இழுத்து இறக்க, மற்றக் கை தளர்ந்து கீழே வழுக்கி வந்து, அங்கிருந்து பற்றி மேலே தள்ள வேண்டும். ஒரு கை வேலை செய்யும்போது மற்றது அடுத்த வேலைக்கு இடம் மாறுகிறது, கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவதில்லை. நேராக்கும்போதும் இதே முறைதான். வண்டியை ஒடுக்கமான இடத்தில் நிறுத்தும்போது மாத்திரம் கைமேல் கை மாற்றிச் சுழற்றலாம்.

கரையோர வீதிகளின் விளிம்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மார்கழி மழை விளிம்பு மண்ணை அரித்துவிட, காபட்டுக்கும் கிரவலுக்கும் இடையே ஒரு படி உண்டாகிறது. இடது சக்கரங்கள் அதில் இறங்கியதும் பதறி வலப்பக்கம் வெட்டுவதே பெரும் விபத்துக்குக் காரணம்: டயரின் பக்கவாட்டு அந்தப் படியில் உரசிச் சிறிது நேரம் மறுத்து, பின் திடீரென ஏறும்போது, அதிகமாகத் திருப்பப்பட்ட சக்கரங்கள் வண்டியை எதிர்ப்பக்கத்துக்கே பாய்ச்சிவிடுகின்றன. இரு கைகளாலும் இறுகப் பிடித்து, நேராகவே செல்லவிட்டு, அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் நன்றாகத் தணிந்த பின்னரே மெல்ல ஏற்றுங்கள். டயர் வெடித்தாலும் முதல் வேலை இதுவே. பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வயல் வரம்போரக் கிரவல் வீதிகளில் பெருவிரல்களை வளையத்துக்குள் கொக்கிபோல் மாட்டாமல் விளிம்பின் மேலே நீட்டி வைத்தால், கல் தட்டி வளையம் உதறும்போது அவை சுளுக்காமல் தப்பும்.

வளையத்துக்கு மாட்டும் உறைகளில் தளர்ந்தவை வேண்டாம்; வியர்த்த கையோடு உறை சுழலும், வளையம் சுழலாது. எயார்பேக் மூடியின் மேல் ஒட்டும் படங்களும் அலங்காரங்களும் பை விரியும்போது முகத்துக்குப் பறந்து வரும். பழைய யப்பானியக் கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தகாட்டா நிறுவனம் தயாரித்த எயார்பேக்குகள் சிலவற்றில், வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் பட்டதனால் வாயுவை உண்டாக்கும் மருந்து சிதைந்து, பை விரியும்போது உலோகக் கூடு வெடித்துச் சிதறியது. பல உயிர்கள் போயின, உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் மீளழைக்கப்பட்டன. நமது கரையோரம் வெப்பமும் ஈரமும் ஒருங்கே உள்ள இடம். வண்டியின் செசி இலக்கத்தைக் கொடுத்து, அது மீளழைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று உற்பத்தி நிறுவனத்தின் முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழக்கத்தை மாற்ற முயல்பவருக்கு, ஒன்பது மணியிலும் மூன்று மணியிலும் வளையத்தைச் சுற்றித் துணிப்பட்டி ஒட்டித் தருவதுண்டு. கண் வீதியில் இருக்க, விரல் அந்தச் சொரசொரப்பைத் தேடிக் கண்டுகொள்ளும். வாகரைப் பக்கம் போகும் ஆளரவமற்ற நேர் வீதியில், சலிப்பூட்டும் பகல்வேளையில், கை அந்தப் பட்டியின் மீது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.