தனியாக வக்கீல் தொழில் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டப் படிப்பு முடித்து, சம்பளம் தரும் ஆபீஸ் அமையாததால் தனியாகவே தொழில் தொடங்கும் இளம் வக்கீல்களைத் தாலுகா கோர்ட்டுகளில் பார்க்கிறேன். ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான தமிழ்நாடு பார் கவுன்சில் 2024-ல் சொன்னது. சின்ன ஊரில் சில மாதம் சீனியருக்கே அவ்வளவு நிற்காது. அதனால் தனியாக வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் காசில்லாத பயத்தில் செய்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

முதலாவது, ஃபீஸ் பேசாமல் கேஸ் கட்டை வாங்குவது. “வழக்கைப் போடுங்க சார், பார்த்துக்கலாம்” என்பார் கட்சிக்காரர். வந்தவரை விடக்கூடாது என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடுவோம். 5 லட்சம் ரூபாய்க்குப் பணவசூல் வழக்கு என்றால், 3 சதவீதக் கணக்கில் கோர்ட் ஃபீ மட்டும் 15,000 ரூபாய். அதுவும் நம் ஃபீஸில் அடக்கம் என்று அவர் நினைத்திருப்பார். ஒரு வழக்கில் அதை என் கைக்காசிலிருந்து கட்டினேன். அந்த மாதம் வீட்டு வாடகை நின்றுபோனது. கோர்ட் ஃபீ, பேட்டா (சம்மன் கொண்டுபோகும் செலவு), டைப்பிங் எல்லாம் தனி, என் ஃபீஸ் இவ்வளவு, எப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ‘ஜெயித்தால் இத்தனை பங்கு’ என்று மட்டும் பேசாதீர்கள். பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன.

அடுத்தது தேதி. பணம் புழங்காத காலத்தில் தனி வக்கீலைத் தேடி அதிகம் வருவது செக் கேஸ்தான், அதாவது கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிய வழக்கு. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கொடுக்க 15 நாள். அதற்குள் கொடுக்காவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். நோட்டீஸுக்கு அந்த வழி இல்லை. செக்கின் 3 மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். கட்சிக்காரர் 28-ஆம் நாள்தான் வந்து நிற்பார். பெரிய ஆபீஸில் குமாஸ்தா ஞாபகப்படுத்துவார், இங்கே நீங்களேதான் எல்லாம். கட்டைக் கையில் வாங்கியதும் கடைசித் தேதியை மேலட்டையிலும் டைரியிலும் எழுதிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

கோர்ட் எதிரிலேயே அறை வேண்டும் என்று அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். முதல் வருடம் வீட்டு முன்னறையே போதும், அல்லது நண்பரோடு சேம்பரைப் பகிர்ந்துகொள்ளலாம்.

விளம்பரமும் வேண்டாம். வக்கீல் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதைப் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

கடைசியாக ஒன்று. தனியாகத் தொழில் செய்வதால் சந்தேகத்தையும் தனியாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முதல் பிராதை (வழக்கு மனுவை) ஃபைல் செய்வதற்கு முன், பார் அசோசியேஷனில் ஒரு மூத்த வக்கீலிடம் நீட்டி, “அண்ணே, ஒரு தடவை பார்த்துடுங்க” என்று கேளுங்கள்.