மென்பொருள் சோதனை: எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்

முதன்முறையாக ஒரு சோதனைக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தபோது கையில் 412 டெஸ்ட் கேஸ்கள் (எதைச் செய்து பார்க்க வேண்டும், என்ன விடை வர வேண்டும் என்ற குறிப்புகள்) இருந்தன. ரிலீஸுக்கு முந்தைய மாலை மேலாளர் வந்து, "சோதனை முடிந்ததா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு படிப்படியாக அமைத்துக்கொண்ட முறை இது. டெஸ்ட் கேஸ் எழுத உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: திட்டம்

இரண்டு பக்கம் போதும். சோதனை ஆவணங்களுக்கென்று ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 829 தரநிலை 1983இல் வந்தது. பின்னர் 2013 முதல் அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 29119 வந்தது. தலைப்புகளை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் எதைச் சோதிக்கப் போவதில்லை என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். பிற்பாடு வரும் சண்டைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு பகுதிக்கும் பிழை வரும் வாய்ப்புக்கு 1 முதல் 3 வரையும், வந்தால் ஏற்படும் பாதிப்புக்கு 1 முதல் 3 வரையும் மதிப்பெண் இட்டுப் பெருக்குங்கள். 9, 6 வாங்கிய பகுதிகளை முதலில் சோதியுங்கள்.

படி 2: நிறுத்தும் விதி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "95 சதவீத டெஸ்ட் கேஸ்கள் தேறினால் வெளியிடலாம்" என்று எழுதி வைத்திருந்தேன். தேறின, வெளியிட்டோம். மறுநாள் காலை, கடவுச்சொல்லை மறந்த ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. தேறாத 5 சதவீதத்தில் கடவுச்சொல் மீட்பு முழுவதுமாக இருந்தது. போதாததற்கு, தேறியவற்றில் பல மூன்று பில்டுகளுக்கு (நிரலிலிருந்து அவ்வப்போது உருவாக்கித் தரும் பதிப்புகளுக்கு) முன் ஓட்டியவை. அதற்குப் பிறகு நிரல் மாறியிருந்தது. நாங்கள் மறுபடி ஓட்டவில்லை.

இப்போது நான் எழுதும் விதி இப்படி இருக்கும் (முதல் நிலை என்பது மிகத் தீவிரமான பிழை, இரண்டாம் நிலை அதற்கு அடுத்தது):

"9, 6 மதிப்பெண் பகுதிகளின் டெஸ்ட் கேஸ்கள் அனைத்தும் வெளியாகப் போகும் அதே பில்டில் ஓட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் நிலைப் பிழை ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. இரண்டாம் நிலைப் பிழைகள் மூன்றைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு நாளில் புதிய முதல் நிலைப் பிழை வந்திருக்கக் கூடாது."

இதைத் திட்டமிடும் நாளிலேயே எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அன்று யாருக்கும் அவசரம் இருக்காது, நியாயமாகப் பேசுவார்கள். கடைசி நாளில் அதே ஆட்களிடம் அதே நியாயத்தை எதிர்பார்க்க முடியாது.

தொடங்குவதற்கும் ஒரு விதி வேண்டும். பில்டு வந்ததும் 20 நிமிட ஸ்மோக் டெஸ்ட், அதாவது முக்கிய வேலைகள் ஓடுகின்றனவா என்ற மேலோட்டமான சோதனை. தேறாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படி 3: டெஸ்ட் கேஸ்கள்

எல்லைகளில் நில்லுங்கள். பெயருக்கு 3 முதல் 20 எழுத்து என்றால் 2, 3, 20, 21 ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். தமிழிலும் கொடுங்கள். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு குறியீடுகளாக எண்ணும் நிரலுக்கு ஐந்து. 20 எழுத்துக்குள் அடங்கும் பெயரையும் அது நீளம் என்று மறுத்துவிடக்கூடும்.

கருவி? ஐந்து பேருக்குள் இருக்கும் குழுவுக்கு விரிதாளே போதும் என்பது என் உறுதியான கருத்து. பிழைகளை மட்டும் விரிதாளில் வைக்காதீர்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு அவசியம். பக்ஸில்லாவோ ஜிராவோ, பிழைகளைப் பதிவுசெய்து பின்தொடரும் கருவி எதுவானாலும் சரி.

படி 4: பிழைக் கூட்டம்

தினமும் 15 நிமிடம். பிழையின் தீவிரத்தையும் அதைத் திருத்தும் அவசரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அறிக்கை நின்றுபோனால் தீவிரம் அதிகம். ஆண்டு முடிவுக்குப் பத்து மாதம் இருந்தால் அவசரம் இல்லை. தீவிரத்தைச் சோதிப்பவர் சொல்லட்டும், அவசரத்தைப் பொருளுக்குப் பொறுப்பானவர் சொல்லட்டும்.

படி 5: மேம்பாடு

வெளியிட்ட மூன்று மாதத்துக்குப் பின் ஒரு கணக்குப் போடுங்கள். சோதனையில் பிடித்தவை 90, பயனர்கள் கண்டவை 10 என்றால் நம் பிடிப்பு 90 சதவீதம். இந்த எண்ணைக் காட்டி யாரையும் கடியக் கூடாது. கடிந்தால் அடுத்த முறை அற்பப் பிழைகளைப் பதிவுசெய்தே எண்ணை உயர்த்திவிடுவார்கள்.

தப்பிய அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். டெஸ்ட் கேஸே இல்லையா, இருந்தும் ஓட்டவில்லையா, ஓட்டியும் எதிர்பார்த்த விடையைத் தவறாக எழுதியிருந்தோமா? எந்தக் குவியல் பெரிதோ, அதற்கு ஒரே ஒரு மாற்றம். அடுத்த ரிலீஸில் அதை மட்டும் செய்து பாருங்கள்.

பின்சேர்க்கை: "தேதி மாறாது, விதியும் நிறைவேறவில்லை. என்ன செய்வது?" என்று படித்தவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் நேர்ந்திருக்கிறது. விதியைத் தளர்த்தி எழுதாதீர்கள். எந்தப் பிழைகளோடு வெளியிடுகிறோம், யாருக்கு என்ன பாதிப்பு, யார் ஒப்புக்கொண்டார் என்று அரைப் பக்கம் எழுதி, முடிவெடுப்பவரிடம் கையொப்பம் கேளுங்கள். நான் அப்படி நீட்டிய முதல் தாளைப் படித்துவிட்டு, மேலாளர் ரிலீஸை இரண்டு நாள் தள்ளிவைத்தார்.