துருப்பிடித்த பார்பிக்யூ அடுப்புக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது எப்படி?

துருப்பிடித்துவிட்டதே என்று பார்பிக்யூ அடுப்பைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து துரு அதிகமாக இருக்கும் இடங்களில் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக நின்றால் அடுப்பைக் காப்பாற்றிவிடலாம். முனை உள்ளே இறங்கினாலோ தகடு உதிர்ந்தாலோ அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும், ஓட்டையை எந்தப் பெயின்டும் அடைக்காது. கேஸ் அடுப்பு என்றால் சிலிண்டரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்பிரே பெயின்ட் வாங்கும்போது கேனில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். சாதாரண எனாமல் இந்தச் சூட்டில் கருகி, கொப்புளம் கிளம்பி, உரிந்து வந்துவிடும். சூடு தாங்கும் பெயின்டில் இருப்பது சிலிக்கோன் ரெசின், அதனால்தான் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாங்கும் என்று போட்ட கேன்கள் கிடைக்கின்றன. அடியில் சாதாரண பிரைமர் அடிக்காதீர்கள், அது கருகினால் மேலே இருப்பதும் சேர்ந்து உரியும். பிரைமர் வேண்டுமென்றால் அதுவும் சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும்.

சரி, இப்போது சுத்தம் செய்வது. உண்மையில் இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான், இங்கே அவசரப்பட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டும் நிற்காது. சாம்பலைக் கொட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை கழுவுங்கள். பிசுக்கை எடுக்காமல் உப்புத்தாளைப் போட்டால் எண்ணெய் தகடு முழுக்கப் பரவும், தாளும் அடைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வயர் பிரஷால் துருப் பொருக்குகளைச் சுரண்டி எடுங்கள், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 180 அல்லது 220. பழைய பெயின்டை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை, கெட்டியாக ஒட்டியிருப்பது இருக்கலாம். ஆனால் அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி தட்டக் கூடாது, அதுவரை தேயுங்கள். மூடி பளபளவென்று கண்ணாடிப் பூச்சு போட்டதாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவது நல்லது, அதன்மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.

தேய்த்த இரும்பை மறுநாள் வரை போட்டுவைக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே மெல்லிய செந்நிறத் துரு படர ஆரம்பித்துவிடும். தூசியைத் துடைத்து, தின்னர் நனைத்த துணியால் ஒரு தடவை இழுத்து, அது ஆவியானதும் பெயின்டுக்குப் போய்விடுங்கள். தின்னரும் ஸ்பிரேயும் தீப்பற்றக்கூடியவை, பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது.

வெப்பமானி, சக்கரம், கைப்பிடி, கேஸ் வால்வு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் பெயின்ட். கம்பி வலைக்கும், உணவு படும் எந்த இடத்துக்கும், நெருப்பு எரியும் உள்பக்கத்துக்கும் வேண்டாம். வலையைத் தேய்த்துக் கழுவி, சமையல் எண்ணெய் தடவிச் சூடாக்கினால் போதும்.

கேனை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். முதல் கோட்டில் இரும்பு அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். மெல்லியதாக இரண்டு மூன்று கோட் போதும். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் வழியும், சூடு ஏறும்போது குமிழ் விடும். கோட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது கேனுக்குக் கேன் மாறும், அதில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த கட்டம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழும். இந்தப் பெயின்ட் சூடு பட்டால்தான் இறுகும். ஒரு நாள் காயவிட்டு, திறந்த வெளியில் வைத்து, உள்ளே உணவு எதுவும் இல்லாமல் சின்னதாக நெருப்பு மூட்டுங்கள். முதலில் 100, 120 டிகிரி அளவில் அரை மணி நேரம், ஆறவிட்டு அடுத்து 200, அப்புறம் வழக்கமான சூடு. கேனில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி. புகையும் காட்டமான வாடையும் வரும், பயப்பட வேண்டாம், ஆனால் அதைச் சுவாசிக்காமல் தள்ளி நில்லுங்கள். வாடை முழுக்க நின்ற பிறகுதான் சமையல்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் ஆறியதும் சாம்பலைக் கொட்டிவிடுங்கள், ஏனென்றால் சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு பெரும்பாலும் அடித்தட்டிலிருந்து தொடங்குவது அதனால்தான். அடுப்பின் மேல் உறை போட்டு மூடுவதும் அது முழுக்க ஆறிய பிறகுதான். கேனில் பெயின்ட் மிச்சமிருந்தால் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்திவிட்டு எடுத்து வையுங்கள், நாசில் அடைக்காது, பின்னால் எங்காவது புள்ளியாகத் துரு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒரு கோட் விட்டுக்கொள்ளலாம்.