ரோலர் இழுத்துச் சிறுவிதை விதைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விதை தெளித்துப் பத்து நாள் கழித்து வயலுக்குப் போனால் சில சமயம் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். டிராக்டர் சக்கரம் போன இரண்டு தடத்தில் மட்டும் பயிர் பச்சைக் கோடு போட்டது போல நெருக்கமாக முளைத்திருக்கும். மற்ற இடமெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். உடனே விதைமேல் பழி போடத் தோன்றும். ஆனால் தடத்தில் விழுந்ததும் அதே மூட்டை விதைதானே? சக்கரம் அழுத்திய இடத்தில் விதை மண்ணோடு ஒட்டியது, அடியில் இருந்த ஈரம் மேலேறி அதற்குக் கிடைத்தது. பொலபொலவென்று கிடந்த இடத்தில் விதையைச் சுற்றி மண்ணைவிடக் காற்றுதான் அதிகம்.

அந்தச் சக்கரம் இரண்டு தடத்தில் செய்ததை வயல் முழுக்கச் செய்வதுதான், டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் கனமான உருளையான ரோலரின் வேலை. அது விதைக்கும் கருவி இல்லை, விதைத்ததை அழுத்தும் கருவி. மண்ணைச் சமன் செய்யவும், கட்டியை உடைக்கவும், விதையை மூடவும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதையே நம்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் எந்த விதைக்கு ஓட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். எள், கேழ்வரகு, தினை, கடுகு, தீவனப் பயிரான குதிரைமசால் போன்ற பொடி விதைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். குதிரைமசால் விதை ஆயிரம் எண்ணி எடுத்து நிறுத்தாலும் 2 கிராம் அளவுதான் வரும். அத்தனை சின்ன விதை 6 முதல் 12 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால் முளை மேலே வருவதற்குள் விதையில் உள்ள சேமிப்பு தீர்ந்துவிடும். மக்காச்சோளம், அவரை போன்ற பெரிய விதைகளைத் தூவிவிட்டு ரோலரை மட்டும் ஓட்டினால், பாதி விதை வெளியே தெரிகிற மாதிரி பதிந்து கிடக்கும். பறவைக்கு விருந்து, மிச்சம் வெயிலில் காயும். கோதுமை, ஓட்ஸ் மாதிரி நடுத்தர விதையாக இருந்தால், தூவியதும் பல்லுக் கலப்பையை லேசாக ஓட்டி மூடிவிட்டு, அப்புறம் ரோலர்.

அடுத்தது, மெத்தை மாதிரி இருக்கும் மண்ணில் நேராக விதைத்துவிடுவது. மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை ஓட்டி முடித்த நிலம் பார்க்க அழகாக இருக்கும், காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும். அதில் பொடி விதையைத் தூவினால் இடுக்குகளில் விழுந்து எங்கோ ஆழத்துக்குப் போய்விடும். பிறகு மேலே ரோலரை ஓட்டும்போது அது அங்கேயே புதைந்துபோகும். அதனால் விதைப்பதற்கு முன் ஒருமுறை ரோலர், பிறகு விதை, பிறகு மறுபடியும் ரோலர். முதல் ஓட்டத்தைத்தான் நேரமில்லை என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால்கூட, முதலாவதை விட மாட்டேன். மண் தயாரா என்று பார்க்கச் செருப்பே போதும்: நடந்துபார்த்தால் குதிகால் 1 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிந்தால் சரி. அதைவிட இறங்கினால் இன்னொரு ஓட்டம் தேவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஈரத்தில் ஓட்டுவது. ஒருமுறை மழை வரப்போகிறது என்ற அவசரத்தில், முந்தின நாள் நனைந்த நிலத்தில் எள் தூவி ரோலரை இறக்கினேன். இருபது அடி போவதற்குள் உருளை முழுக்கச் சேறு அப்பிக்கொண்டது. இறங்கி ஒரு பட்டையைப் பிய்த்துப் பார்த்தால், சேற்றின் உட்புறம் எள்ளுருண்டை போல விதை ஒட்டியிருந்தது. நான் விதையை அழுத்தவில்லை, உருட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு நிறுத்திவிட்டேன் என்பதுதான் ஒரே ஆறுதல். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். விழுந்து உதிர்ந்தால் ஓட்டலாம். உருண்டையாகவே கிடந்தால் வீட்டுக்குப் போகலாம். காலைப் பனி மண்ணை நனைத்திருந்தாலும் இதே கதைதான். வெயில் ஏறி மேல்மண் உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரமண்ணை அழுத்தினால் மேலே பொருக்கு தட்டும், கீழே இறுகும். இரண்டும் வேருக்கும் முளைக்கும் ஆகாது.

பொருக்கு என்றதும் உருளையின் முகத்தையும் சொல்ல வேண்டும். வழவழப்பான உருளை தரையை மெழுகியது போலாக்கிவிடும். மணற்பாங்கான நிலத்தில் அதனால் பெரிய கேடில்லை. களிமண்ணில் அப்படி ஓட்டியபின் ஒரு கனமழை அடித்தால், மேல்மண் ஓடு போல இறுகி, முளை அதை முட்டிக்கொண்டு உள்ளேயே மடங்கிவிடும். அங்கே வரிவரியாக மேடு பள்ளம் உள்ள உருளை நல்லது. ஆனால் சரிவான நிலத்தில் அந்த வரிகள் மேலிருந்து கீழாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். மழைநீர் விதையை வாரிக்கொண்டு கீழே சேர்க்கும். சரிவுக்குக் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும்.

எடை கூட்டுவதற்காக, உள்ளே வெற்றாக இருக்கும் உருளைக்குள் கணக்குப் போடாமல் தண்ணீர் நிரப்புகிறவர்கள் உண்டு. 60 சென்டிமீட்டர் விட்டமும் 120 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு டிரம் கிட்டத்தட்ட 340 லிட்டர் பிடிக்கும். அதாவது இரும்பின் எடை போக இன்னும் 340 கிலோ. சின்ன வண்டி மேடேறும்போது அதை இழுத்துவிடலாம். இறங்கும்போதுதான் ரோலர் வண்டியைத் தள்ளும், பிரேக் பிடிக்காது. பாதி நிரப்பினால் தண்ணீர் உள்ளே அலையடித்து எடை ஒரு நிலையில் நிற்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடினால் முளைப்பு கூடும் என்று நினைத்துத்தான் நிரப்புகிறோம். ஆனால் குதிகால் சோதனைக்கு வேண்டிய இறுக்கம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் தண்ணீர் எதற்கு?

வேகம் நடையை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். வேகமாகப் போனால் உருளை எம்பி எம்பிக் குதிக்கும், குதித்த இடத்தில் விதை அழுந்தாது. வயல் ஓரத்தில் சட்டென்று திருப்புவதும் கூடாது. ஒரே துண்டான உருளையில் வெளிப்பக்கம் அதிகத் தூரம் போக வேண்டும், உள்பக்கம் குறைவாக. முடியாமல் அது மண்ணைச் சுரண்டிக்கொண்டு திரும்பும். விதையும் மண்ணோடு சேர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அகலமாக வட்டமடித்துத் திரும்புங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முந்தின தடத்தின்மேல் ஒரு சாண் அளவு ஏறிப் போனால் நடுவில் அழுந்தாத கோடு விடாது.

முளை விட்டபின் விட்டுப்போன இடத்தில் ரோலரை மீண்டும் இறக்கும் ஆசை வரும். நான்கைந்து நாள் கழித்து அந்த இடத்தில் ஒரு கத்தியால் மண்ணை மெல்லக் கிளறிப் பாருங்கள். வெள்ளைநூல் போல முளை தெரிந்தால் ரோலரைக் கழற்றி நிறுத்திவிட வேண்டியதுதான். அந்த நூல் உருளையின் கீழே ஒடிந்தால் மறுபடி கிளைக்காது.